என்றார் அர்ச்சனா

அர்ச்சனா சொன்னதாகப் பேப்பரில் வந்த எதையும் அர்ச்சனா சொன்னதில்லை. எல்லாம் சேவியர் எழுதியது.

பாகூர் பகுதிக்குச் சேவியர்தான் நிருபர். ஏரி மதகு, தேர்த் திருவிழா, சாலை மறியல், பாம்புக்கடி, கபடி எல்லாம் அவன் கணக்கு. அவனுடைய அப்பா ஆதிமூலம் ஆயுள் முழுக்கக் கரும்பு வெட்டினார். இருபத்திரண்டு வயது வரை சேவியரும் வெட்டினான். கரும்புச் சோகை கிழித்த தழும்புகள் இன்னும் முழங்கை வரை இருக்கின்றன. கழுத்தில் பத்திரிகை அட்டை ஏறிய பிறகுதான் கத்தியைக் கீழே வைத்தான். அட்டை போனால் மறுபடி தோட்டம்தான் என்பது அவனுக்குத் தெரியும்.

குருவிநத்தத்தில் செங்கதிர் மகளிர் கபடிக் குழு என்று ஒன்று. அதன் பயிற்சியாளர் சிவப்பிரகாசம். ஐந்து காணி நஞ்சை உள்ள வீட்டுப் பிள்ளை, ஒரு காலத்தில் நல்ல ரெய்டர். பெண்கள் அவரை மாஸ்டர் என்பார்கள். மைதானத்துக்குள் நுழைந்ததும் எல்லாரும் செல்போனை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். டப்பா மாஸ்டரின் ஸ்கூட்டர் டிக்கியில் பூட்டிக் கிடக்கும். வெளியூர்ப் போட்டி என்றால் வேனில் ஏறியதிலிருந்து ஊர் திரும்பும் வரை அதே டப்பா.

"என் பொண்ணுங்ககிட்ட எவனும் வாய் குடுக்கக்கூடாது. இன்னா கேக்கணுமோ என்னக் கேளு. நான் சொல்றதுதான் அதுங்க சொல்றது" என்று நிருபர்களிடம் சொல்லியிருந்தார்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு பெண், போட்டிக்குப் போன ஊரில் பள்ளிக்கூட வராந்தாவில் படுக்க வைத்தார்கள், கக்கூஸ் கூட இல்லை என்று டவுன் நிருபர் ஒருவரிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் செய்தி வந்தது. அந்தப் பெண்ணை மாஸ்டர் ஒரு வருடம் கோட்டுக்கு வெளியே உட்கார வைத்தார். அந்த நிருபருக்கு ஒரு வருடம் ஸ்கோர் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

சேவியருக்கு இதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. புதுச்சேரி ஆபீசில் உட்கார்ந்திருக்கும் சப் எடிட்டர் எழிலரசன், ஸ்கோரோடு வீராங்கனையின் பேட்டி நாலு வரி வேண்டும் என்பார். சேவியரிடம் ஏழெட்டு வரிகள் தயாராக இருந்தன. 'பயிற்சியாளர் எங்களை மகள்களைப் போல் பார்த்துக்கொள்கிறார்.' 'அவர் கொடுத்த ஊக்கமே வெற்றிக்குக் காரணம்.' 'தேசிய அணியில் ஆடுவதே என் கனவு.' பெயரை மட்டும் மாற்றிக் கடைசியில் 'என்றார்' போட்டால் முடிந்தது. பெண்களும் மறுத்ததில்லை. பேப்பரில் பெயர் வந்தால் யார் மறுப்பார்கள்.

பிப்ரவரி மாதம் மாஸ்டர் போன் செய்தார்.

"சேவியரு, எழுதிக்கோ. நம்ம பச்சையப்பன் பொண்ணு அர்ச்சனா ஜூனியர் டீமுல செலக்ட் ஆயிட்டா. லெஃப்ட் கார்னர். அறுபத்தொம்போது கிலோ இருந்தா. மூணே நாள்ல நாலு கிலோ எறக்கிட்டா. அதுதான்பா டெடிகேசன்."

இருபது வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணியில் அறுபத்தைந்து கிலோவைத் தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். தேர்வு அன்று காலை ஒவ்வொருத்தியையும் மெஷினில் ஏற்றிப் பார்ப்பார்கள்.

"எப்டி மாஸ்டர் எறக்குச்சி அந்தப் பொண்ணு?"

"ஓடினா. வேற இன்னா."

சேவியர் எழுத உட்கார்ந்தான். நாலு கிலோ என்பது நல்ல விஷயம், ஆனால் அதில் கதை இல்லை. கொஞ்சம் யோசித்தான். பிறகு இப்படி எழுதினான்: 'சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்து, ஓடி ஓடி மூன்று நாளில் நான்கு கிலோ குறைத்தேன். வேண்டாம் என்று பயிற்சியாளர் தடுத்தும் நான் கேட்கவில்லை. அணிக்காக எதையும் செய்வேன் என்றார் அர்ச்சனா.'

தடுத்தும் கேட்கவில்லை என்ற வரியை மாஸ்டர் சொல்லவில்லை. அது சேவியரின் சொந்தச் சரக்கு. அந்த வரி வந்த பிறகுதான் செய்திக்கு உயிர் வந்ததாக அவனுக்குத் தோன்றியது. எழிலரசனுக்கும் அப்படியே தோன்றியிருக்க வேண்டும். 'தடுத்தும் கேட்காத தங்கமகள்' என்று தலைப்பு வைத்து, படத்தோடு மூன்று பத்தி அகலத்தில் போட்டார். "இந்த மாதிரி குடுய்யா" என்று போனில் சொன்னார். அந்த வாரம் முழுக்கச் சேவியர் சந்தோஷமாக இருந்தான்.

மே மாதம், இதே போல் எடை பார்த்துச் சேர்க்கும் வெளியூர்ப் போட்டி ஒன்றுக்குப் போன இடத்தில், இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் அர்ச்சனா கோட்டுக்குள்ளேயே விழுந்தாள். எழுப்பி உட்கார வைத்துக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து வேனில் ஏற்றி வீட்டில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் சிறுநீர் கருப்பட்டித் தண்ணீர் மாதிரி போனது. அதற்கு மறுநாள் போகவே இல்லை. நாலாம் நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்றார்கள்.

மாஸ்டர் அன்றைக்கே போன் செய்தார். "வெயில் தாங்கலப்பா அந்தப் பொண்ணுக்கு. செய்தி கிய்தி போட்டுக்கினு இருக்காத."

சேவியர் போடவில்லை.

அர்ச்சனாவின் அப்பா பச்சையப்பன் கபடிச் சங்கத்துக்கு மனு கொடுத்தார். எடையைக் குறைக்க மகளுக்கு மாஸ்டர்தான் மாத்திரை கொடுத்தார், இரண்டு நாள் தண்ணீர் கொடுக்கவில்லை, உச்சி வெயிலில் ரெயின்கோட் மாட்டி ஓடவிட்டார் என்று மனுவில் இருந்தது. சங்கம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டது. அது நிரூபணமானால் சிவப்பிரகாசம் இனி மைதானத்துப் பக்கம் வர முடியாது. இல்லையென்றால் அர்ச்சனா தனக்குத் தானே செய்துகொண்டது என்று ஆகிவிடும்.

ஜூன் மாதம் ஒரு காலை, சேவியரின் வாட்ஸ்அப்பில் மாஸ்டரிடமிருந்து ஒரு படம் வந்தது. அவன் பிப்ரவரியில் எழுதிய செய்தியின் படம், மாஸ்டர் தன் பதிலோடு விசாரணைக் குழுவுக்குக் கொடுத்தது. 'வேண்டாம் என்று பயிற்சியாளர் தடுத்தும்' என்ற வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. படத்துக்கு அடியில் ஒரே ஒரு வார்த்தை. 'நன்றிப்பா.' அதன் பக்கத்தில் கூப்பிய கை இரண்டு.

சேவியர் பல்லைக்கூட விளக்காமல் வண்டியை எடுத்தான்.

பாகூரிலிருந்து அர்ச்சனாவின் வீடு பத்து நிமிடம். அதற்கு முன் அவன் அங்கே போனதில்லை. தெருவில் விசாரித்துத்தான் போக வேண்டியிருந்தது. அவளுடைய அம்மா கல்பனா வாசலில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் கையை வாளியிலிருந்து எடுத்தாள்.

"நீதான் சேவியரா. வா. இப்ப இன்னா சொன்னான்னு போடப் போற?"

"அக்கா, நான் எழுத வரல."

"இதுக்கு முன்னாடி மட்டும் வந்தா எழுதின."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவர உள்ள வரச் சொல்லும்மா."

அர்ச்சனா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் குழாய் செருகிப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. முகம் உப்பியிருந்தது. பாதங்கள் இரண்டும் ஊறிய ரொட்டி மாதிரி வீங்கியிருந்தன. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ரத்தம் சுத்தம் செய்யப் புதுச்சேரிக்குப் போய் வருகிறாள். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். தலைமாட்டில் அளவு போட்ட பாட்டில் இருந்தது.

"பேப்பர்ல என்னைப் பத்தி அவ்ளோ எழுதினீங்க. ஒங்க மூஞ்சிய இப்பதாண்ணா பாக்கறேன்" என்றாள்.

"நான் ஒன்ன மேட்ச்சுல நெறைய தடவ பாத்திருக்கேம்மா."

"ஏழாம் நம்பர் பனியனப் பாத்திருப்பீங்க."

சேவியர் கட்டிலுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். கல்பனா கதவில் சாய்ந்து நின்றாள்.

"அந்த ஒரு வரி," என்றாள் அர்ச்சனா, "மாஸ்டர் தடுத்தாருன்றது. அவரு சொல்லி எழுதினீங்களா, நீங்களா போட்டீங்களா?"

பொய் சொல்லலாம். மாஸ்டர் தலையில் போட்டுவிட்டால் இவர்கள் நம்புவார்கள். வாய் வரை வந்தது.

"நான்தான் போட்டேன்."

கல்பனா கையில் ஒட்டியிருந்த தவிட்டைப் புடவையில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"மாஸ்டர் ஒங்ககூட பேச வுடமாட்டாரும்மா. ஒனக்கே தெரியும்" என்றான் சேவியர்.

"கிரவுண்டுலதான வுடமாட்டாரு. எங்க வூட்டுக்கு அவரா பூட்டு போட்டாரு? ஞாயித்துக்கெழம பூரா இந்தக் கட்டில்லதான் கெடந்தேன். வந்து கூப்ட்டிருந்தா எழுந்து வந்திருப்பேன்."

மாஸ்டரின் தடை அவனுக்கு வசதியாக இருந்தது. கேட்காமலே எழுதப் பழகிய பிறகு கேட்கப் போவது வீண் பெட்ரோலாகத் தெரிந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது.

"அப்பவே தெரிஞ்சிச்சி, நான் சொல்லலன்னு" என்றாள். "மாஸ்டருகிட்ட போயி, நீங்க எங்க மாஸ்டர் தடுத்தீங்கன்னு கேட்டேன். சிரிச்சாரு. பேப்பர்காரன் அப்டித்தான் எழுதுவான், நல்லாத்தான இருக்குது, ஒங்க அம்மாகிட்ட காட்டுன்னாரு. நானும் காட்டினேன். அம்மா லேமினேசன் போட்டு வச்சிக்கிச்சி."

"போடாம," என்றாள் கல்பனா. "எம் பொண்ணு போட்டோ வந்துதே."

சேவியர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தான். "இப்ப சொல்லும்மா. நடந்தத மொதல்லருந்து சொல்லு. நான் விசாரணைல வந்து, அந்த வரி என்னுதுன்னு சொல்றேன். நீ சொல்றதையும் குடுக்கறேன்."

"சொன்னா ஒன் வேல இருக்குமா?" என்றாள் கல்பனா.

"தெரிலக்கா."

அர்ச்சனா இரண்டு மணி நேரம் சொன்னாள். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. கூலிக்குப் போய் வந்தவர்கள் அன்றைய வேலையைச் சொல்வது போலச் சொன்னாள்.

"பிப்ரவரில பண்ணதேதான் மே மாசமும். புதன்கெழம அறுபத்தெட்டு எழுநூறு இருந்தேன். அன்னிலேருந்து தண்ணி கட்டு. வாயில வச்சிக் கொப்புளிச்சித் துப்பலாம், முழுங்கக்கூடாது. முழுங்கறனான்னு மாஸ்டர் பக்கத்துலயே நிப்பாரு, தொண்டையப் பாப்பாரு. மத்தியானம் பன்னண்டுலேருந்து ரெண்டு வரைக்கும் ரெயின்கோட் போட்டுக்கினு ஏரிக்கரைமேல ஓடணும். வெள்ளை மாத்திரை, சின்னது. அட்டைல இல்ல, பேப்பர்ல மடிச்சிக் குடுத்தாரு. நீர் எறங்கறதுக்குன்னாரு. ராத்திரி ரெண்டு, காலைல ரெண்டு. வெள்ளிக்கெழம காலைல அறுபத்துநாலு எண்ணூறு காட்டிச்சி. எல்லாரும் கை தட்டினாங்க. அப்பறம் ரெண்டு மேட்ச் ஆடினேன்."

"நீ வேணான்னு சொல்லலியா?"

"எப்டிண்ணா சொல்றது. அவரு இல்லன்னா நான் எங்க அம்மாகூட களை எடுத்துக்கினு இருந்திருப்பேன். முப்பத்தேழு மேட்ச் ஆடியிருக்கேன். எத்தினி ஊரு பாத்திருக்கேன். மாத்திரை குடுத்தா போட்டுக்கத் தோணும், வேணான்னு தோணாது."

சேவியர் எழுதினான். பழைய கை, வேகமாக ஓடியது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு எழிலரசனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னான்.

"மாஸ்டர் போன்ல சொன்னாரு, எழுதினேன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடுய்யா. அதோட முடிஞ்சிது."

"அவரு அந்த வரியச் சொல்லல சார்."

"அது ஒனக்கும் அவருக்கும்தான தெரியும். நானே எழுதினேன்னு ஒரு வார்த்தை சொன்னே, பேப்பர் பேரு கெட்டுப்போயிடும். அப்பறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

மாஸ்டர் போன் செய்யவில்லை. நேரிலேயே வந்தார். சேவியர் பாகூர் டீக்கடையில் நின்றிருந்தபோது ஸ்கூட்டரை ஓரம் கட்டி, பக்கத்தில் வந்து தனக்கும் ஒரு டீ சொன்னார். கோபமே இல்லை அவர் முகத்தில்.

"இன்னாப்பா சேவியரு, சொல்லப் போறியாம்."

"ஆமா மாஸ்டர்."

"சொல்லு. நான் தடுக்கல. ஒண்ணு மட்டும் யோசன பண்ணிக்கோ. ஆறு வருசமா நீ எழுதின பேப்பர் கட்டிங்க ஒட்டித்தான் நம்ம பொண்ணுங்க போலீசு வேலைக்கும் காலேஜு சீட்டுக்கும் அப்ளிகேசன் போட்டிருக்குதுங்க. ஒண்ணு பொய்யின்னா எல்லாம் பொய்யின்னு ஆவும். ஒருத்திக்காக எத்தினி பேர கவுப்ப?"

"அந்தப் பொண்ணுக்குக் கிட்னி போயிடுச்சி மாஸ்டர்."

மாஸ்டர் டீயை ஊதினார். "போறது எல்லாருக்கும் போவும். நான் ஆடறப்ப என் முட்டி போச்சி. நான் எவன் மேலயும் மனு குடுக்கல." டம்ளரை வைத்துவிட்டு, சேவியர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் சேவியரைத் தொந்தரவு செய்தது.

விசாரணை ஜூலை முதல் வாரம், சங்க அலுவலக மாடியில். குழுவின் தலைவர் சிங்காரவேலு, ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். பக்கத்தில் இரண்டு பேர். அவர்கள் கடைசி வரை பேசவில்லை. அர்ச்சனாவும் கல்பனாவும் வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் சேவியரைக் கூப்பிட்டார்கள்.

சொன்னான். அந்த வரி அர்ச்சனா சொன்னதில்லை, மாஸ்டரும் சொன்னதில்லை, நானே எழுதியது.

சிங்காரவேலு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏன் அப்டி எழுதினீங்க?"

"பொண்ணுங்ககிட்ட பேச மாஸ்டர் வுடமாட்டாரு சார். ஆபீசுல பேட்டி கேப்பாங்க. அதனால நாங்களே எழுதிக்கறது."

"இந்த ஒரு தடவையா?"

"இல்ல சார். ஆறு வருசமா."

"அப்ப ஒங்க செய்தில எதுதான் உண்மை?"

"ஸ்கோரு சார்."

பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கினார். சிங்காரவேலு மேசைமேல் இருந்த நாலு தாள்களை எடுத்துச் சேவியரிடம் தள்ளினார். "இது அதே டீமுல இருக்கற நாலு பொண்ணுங்க எழுதிக் குடுத்தது. படிச்சிப் பாருங்க."

படித்தான். நாலும் நாலு கையெழுத்து. ஆனால் உள்ளே இருந்தவை அவனுடைய வரிகள். 'பயிற்சியாளர் எங்களை மகள்களைப் போல் பார்த்துக்கொள்கிறார்.' 'அவர் கொடுத்த ஊக்கமே எங்கள் வெற்றிக்குக் காரணம்.' ஒரு தாளில் 'தேசிய அணியில் ஆடுவதே என் கனவு' என்றுகூட இருந்தது. தங்கள் மாஸ்டரைப் பற்றி எழுதச் சொன்னதும் அந்தப் பெண்களுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. பேப்பரில் தாங்கள் சொன்னதாக வந்ததையே திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

"இதுவும் நான் எழுதினதுதான் சார்" என்றான்.

"இத அதுங்க கையால எழுதியிருக்குதுங்க சேவியர்."

எப்படி விளக்குவது என்று தெரியாமல் நோட்டை எடுத்து நீட்டினான். "போன மாசம் அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போயி நேர்ல கேட்டு எழுதினது. மாத்திரை, ரெயின்கோட், தண்ணி கட்டு, எல்லாம் இதுல இருக்குது. வெளிலதான் உக்காந்திருக்கா. கூப்ட்டுக் கேளுங்க."

"ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல நீர் வத்திப் போனதா இருக்குது. மாத்திரைன்னு எங்கயும் இல்ல. நாலு நாள் கழிச்சிச் சேத்தா எங்கருந்து தெரியும்" என்றபடியே சிங்காரவேலு நோட்டைப் புரட்டினார். நிதானமாகப் படித்தார். இரண்டு இடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். பிறகு அர்ச்சனாவைக் கூப்பிடச் சொன்னார்.

அவள் படியேறிய களைப்பு இன்னும் தீராமல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். நாற்காலி கொடுத்தார்கள்.

"இந்த நோட்டுல இருக்கறது நீ சொன்னதாம்மா?"

"ஆமா சார்."

"ஒண்ணு ரெண்டு படிக்கறேன், கேளு. 'கண்களில் நீர் தளும்ப, எனக்கு நேர்ந்த கதி இனி எந்தப் பெண்ணுக்கும் நேரக்கூடாது என்றார்.' இது நீ சொன்னதா?"

அர்ச்சனா சேவியரைப் பார்த்தாள். சேவியர் நோட்டைப் பார்த்தான். அதை எழுதியது அவனுக்கே ஞாபகம் இல்லை. கை அதுவாகவே எழுதியிருந்தது.

"அழுதியா நீ?"

"இல்ல சார். அழல."

"இந்தக் கதி கிதின்றது?"

"அது நான் சொல்லல சார். அது மட்டுந்தான் சொல்லல. மீதி எல்லாம் நான் சொன்னது. மாத்திரை சொன்னேன், தண்ணி சொன்னேன். மீதி எல்லாம் சொன்னேன் சார்."

சிங்காரவேலு நோட்டை மூடினார். கெட்ட மனிதர் இல்லை அவர். அவள் பக்கம் திரும்பி மெதுவாகத்தான் சொன்னார். "நீ சொல்றத நான் கேட்டுக்கறேம்மா. ஆனா மனு குடுத்தது ஒங்க பக்கம். ஒனக்கு சாட்சி வேணும். டீமுல நாலு பேரு வேற மாதிரி எழுதிக் குடுத்திருக்காங்க. ஒன் பக்கத்துக்கு வந்த ஒரே சாட்சி இவரு. இவரு, நீ சொன்னத எழுதினேன்னு ஒரு நோட்டு குடுக்கறாரு. அதுலயும் நீ சொல்லாதது இருக்குது. எத எடுக்கறது, எத வுடறது, சொல்லு."

அர்ச்சனா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

கீழே இறங்க நேரமானது. ஒவ்வொரு படியிலும் கல்பனா அவளைப் பிடித்து நிறுத்தி இறக்கினாள். சேவியர் இன்னொரு பக்கம் கை கொடுக்கப் போனான். "வுடு" என்றாள் கல்பனா. விட்டான்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. அர்ச்சனா பாட்டிலை எடுத்து, அளவுக் கோட்டைப் பார்த்து ஒரு மடக்கு குடித்துவிட்டு மூடினாள்.

"ஏண்ணா அந்த வரி?" என்று கேட்டாள்.

"அப்டி எழுதினாதான்மா படிப்பாங்க."

"யாரு படிப்பாங்க? அவுங்க மூணு பேருதான படிக்கறதுக்கு."

சேவியர் பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தான்.

"நான் அழல. அதுவே ஒங்களுக்குப் பத்தல இல்ல" என்றாள். அதிலும் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

பாகூர் பஸ் வந்தது. கல்பனா மகளை முதலில் ஏற்றினாள். தானும் ஏறிப் படியில் நின்றபடி திரும்பினாள்.

"சேவியரு, வூட்டுப் பக்கம் வராத. நல்லதுக்கு வந்தாலும் வராத."

ஒரு வாரத்தில் எழிலரசன் ஆள் அனுப்பி அட்டையை வாங்கிக்கொண்டார். சேவியர் மங்கலம் பக்கம் கரும்பு லோடு ஏற்றும் கூட்டத்தில் சேர்ந்தான். பதினான்கு வருடம் கழித்துக் கட்டு தூக்கியதில் முதல் நாளே தோள் கன்றிப்போனது. கூட இருந்தவர்கள், "இன்னா ரிப்போட்டரே, எங்க போட்டோவ எப்ப போடப் போற" என்று கேலி பேசினார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

ஆகஸ்டில் குழுவின் முடிவு வந்தது. குற்றச்சாட்டுக்குப் போதுமான ஆதாரம் இல்லை. சிவப்பிரகாசம் பயிற்சியாளராகத் தொடரலாம். வீராங்கனைகள் பயிற்சியாளரின் ஆலோசனை இல்லாமல் தாங்களாக எடை குறைக்கக்கூடாது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது.

அதைச் சேவியர் பேப்பரில் பார்க்கவில்லை. வெட்டு முடிந்து திரும்பும்போது லாரியைக் குருவிநத்தத்தில் டீக்கு நிறுத்தினார்கள். மைதானத்துக் கம்பிக் கேட்டில் பிளாஸ்டிக் உறை போட்ட தாள் ஒன்று கட்டியிருந்தது. இறங்கிப் போய்ப் படித்தான். பத்திரிகையாளர்கள் வீராங்கனைகளின் பெயரில் பொய்ப் பேட்டிகள் வெளியிட்டு வந்தது விசாரணையில் ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பதால், வீராங்கனைகளின் நலன் கருதி, பயிற்சியாளரின் எழுத்து மூலமான அனுமதி இன்றிப் பத்திரிகையாளர்கள் எவரும் மைதானத்திலோ, விடுதியிலோ, வீட்டிலோ அவர்களுடன் பேசக்கூடாது. சங்கத்தின் முத்திரை. சிங்காரவேலுவின் கையெழுத்து.

இதுநாள் வரை மாஸ்டர் வாய்ச் சொல்லாக வைத்திருந்ததைச் சங்கம் தாளில் எழுதிக் கொடுத்திருந்தது. வீடு என்ற வார்த்தை புதிதாகச் சேர்ந்திருந்தது.

மணி பன்னிரண்டரை இருக்கும். கேட்டுக்கு உள்ளே களத்தைச் சுற்றி ஐந்து பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் பனியனில் ஓடினார்கள். கடைசியாக வந்தவள் மட்டும் கழுத்து வரை பட்டன் போட்ட நீல ரெயின்கோட்டில் இருந்தாள். புதிய பெண், பதினேழு வயது இருக்கும். கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. சேவியர் கம்பிக்கு இந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில் நின்றான்.

"எத்தினி கிலோம்மா?" என்று கேட்டான்.

அவள் அவனைப் பார்த்தாள். அழுக்கு லுங்கி, தலையில் சும்மாடு, முழங்கை வரை கீறல்.

அந்தப் பக்கம் வேப்ப மரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"யாருடி அது கேட்டாண்ட?"

"யாரும் இல்ல மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி ஓடினாள்.